ஒற்றையடி மலைப்பாதையில் முதலில் வழி யாருக்கு: ஏறுபவருக்கா, இறங்குபவருக்கா?

செம்பூர் நடையர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மழை ஓய்ந்த பின் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சஹ்யாத்ரி மலைகளில் ஏறி இறங்கும் மும்பைத் தமிழர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மூன்று வாரங்களாக என் மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

என் மைத்துனரும் பன்னிரண்டு வயதான என் மகளும் நானும் இரவு கசாரா லோக்கல் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து ஜீப்பில் பாரி கிராமத்தை அடைந்து, விடிகிற நேரத்தில் கல்சுபாய் மலையில் ஏறத் தொடங்கினோம். மகாராஷ்டிரத்திலேயே உயரமான அந்தச் சிகரத்தின் உயரம் 1,646 மீட்டர் என்பதும், செங்குத்தான பாறைகளைக் கடக்க அங்கே இரும்பு ஏணிகள் பொருத்தப்பட்டிருப்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஓர் ஏணியில் மகளை முன்னே ஏறவிட்டு, அவளுக்கு ஒரு படி கீழே நான் ஏறிக்கொண்டிருந்தேன். நாங்கள் பாதி உயரத்தைக் கடந்திருந்த வேளையில், சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்கி வந்த இருபது பேர் கொண்ட குழுவின் முதல் ஆள், கீழே பார்க்காமலேயே ஏணியில் கால் வைத்துவிட்டார். ஏறுபவர்களுக்குத்தான் முதலில் வழி என்று நான் இந்தியில் உரக்கச் சொன்னேன். அவரும் மறுபேச்சில்லாமல் மேலே திரும்பினார்.

அவர் திரும்பியதால், அவருக்குப் பின்னால் பாறை விளிம்பில் நெருக்கமாக நின்றிருந்த அனைவரும் பின்னோக்கி நகர வேண்டியதாயிற்று. அந்த வரிசையில் அறுபதைக் கடந்த ஓர் அம்மையார் இருந்தார். அவருடைய முழங்கால்கள் நடுங்குவது கீழிருந்த எனக்கே தெரிந்தது. பனியில் நனைந்திருந்த பாறையில் அவர் கால் வழுக்கியது. அருகிலிருந்த இளைஞர் கையைப் பிடித்து நிறுத்தியதால் ஒன்றும் நேரவில்லை. நாங்கள் மேலே சென்றதும் நான் அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். ஆனால் வீடு திரும்பும் வழியில் மகள் என்னிடம், "அப்பா, விதி நம் பக்கம் இருந்தது என்றால் அந்தப் பாட்டி ஏன் விழப் பார்த்தார்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்ற முறை எங்கிருந்து வந்தது, அதன் காரணம் என்ன, ஏணியிலும் படிக்கட்டிலும் அது பொருந்துமா, எதிரே வருபவர்கள் பலராகவும் நாம் ஓரிருவராகவும் இருந்தால் என்ன செய்வது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முலுண்ட் மலைவிரும்பி:

ஐயா, வணக்கம். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளாக இந்த மலைகளில் நடந்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பாதை வேறு, ஏணி வேறு. இரண்டுக்கும் ஒரே முறையைப் பொருத்தியதால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கிறது.

பாதையைப் பொறுத்தவரை நீங்கள் அறிந்திருப்பது சரியே. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையும், இயற்கைக்கு ஊறு செய்யாமல் நடப்பது பற்றிப் பயிற்றுவிக்கும் 'லீவ் நோ டிரேஸ்' அமைப்பும், மேலேறி வருபவருக்கு இறங்குபவர் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்றே நடப்பவர்களுக்குச் சொல்கின்றன. ஏற்றத்தில் நடப்பவரின் உடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அவர் கண்கள் அடுத்த காலடி வைக்கும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். எதிரே யார் வருகிறார்கள் என்பதை அவர் அறிவதே மிக அருகில் வந்த பிறகுதான். இறங்குபவருக்கோ பாதை நெடுந்தூரம் விரிந்து தெரியும். யார் வருகிறார்கள், எத்தனை பேர், அகலமான இடம் எங்கே இருக்கிறது என்பதை அவரால் முன்கூட்டியே கணிக்க முடியும். பார்க்க முடிந்தவர் நிற்பது நியாயம். அதோடு, ஏறுபவர் மூச்சையும் காலடியையும் ஒரு சீருக்குக் கொண்டுவர வெகுநேரம் ஆகிறது. பத்தடிக்கு ஒருமுறை அவரை நிறுத்தினால் அந்தச் சீர் குலைந்து, களைப்பு இரட்டிப்பாகும்.

ஆயினும் இது நடப்பவர்களுக்கு இடையிலான பண்பாடே தவிரச் சட்டம் அன்று. வாகனங்களுக்குத்தான் இது சட்டமாகவே இருந்து வருகிறது. மலைச்சாலையில் இரு வண்டிகள் தாராளமாகக் கடக்க அகலம் போதாத இடத்தில், இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டியை முதலில் விட வேண்டும் என்று 1989 ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே, 25 ஆம் விதியாக, எழுதப்பட்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளிலோ பேருந்தில் சென்றவர்கள், இறங்கி வரும் ஓட்டுநர் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நிற்பதைக் கண்டிருப்பார்கள். பாரத்துடன் ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது கடினம்; அது பின்னோக்கி உருளவும் கூடும் என்பதுதான் அங்கே காரணம். நம்மில் பலர் அந்தச் சாலை வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மலைப்பாதைக்கு வருகிறோம். ஆனால் மனித உடலுக்கு அது தலைகீழாகவும் ஆகலாம். ஏறிக்கொண்டிருக்கும் மனிதர் நின்றால் பின்னோக்கி உருளமாட்டார். சரளைக் கற்கள் நிறைந்த செங்குத்தான சரிவில் இறங்குகிற மனிதர்தான் நினைத்த இடத்தில் நிற்க முடியாமல் தவிப்பார். அத்தகைய சரிவில் ஏறி வருபவரே ஓரமாக நின்றுகொண்டு, மேலிருப்பவரைப் பத்திரமாக வரவிடுவது அறிவுடைமை. அப்போதும் அவருக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. அவர் காலடியில் பெயரும் கல் எந்தப் பக்கம் உருளும் என்று பார்த்து, அந்தக் கோட்டிலிருந்து விலகி நிற்க வேண்டும். கல் உருண்டால், மராத்தியில் கல்லைக் குறிக்கும் "தகட்" என்ற சொல்லை உரக்கக் கத்துவது இந்த மலைகளில் வழக்கம்.

இனி ஏணி. ஏணியில் ஒதுங்கி நிற்பதற்கு ஓரம் என்ற ஒன்றே கிடையாது. ஆகவே அங்கே ஏற்றமும் இறக்கமும் கணக்கில் வருவதில்லை. யார் முதலில் ஏணியில் இருக்கிறாரோ அவர் கடந்து முடிக்கும் வரை மற்றவர் மேலேயோ கீழேயோ காத்திருக்க வேண்டும். நீங்கள் பாதி ஏறியிருந்தீர்கள். அந்த ஆள் பார்க்காமல் கால் வைத்தார். எனவே அவர் திரும்பியது முறைதான். ஆனால் நீங்கள் ஏறிக்கொண்டிருந்ததால் அது முறையாகவில்லை. நீங்கள் ஏற்கனவே ஏணியில் இருந்ததால்தான் முறையாயிற்று. அந்தக் குழுவில் ஒருவர் முதலில் ஏணிக்கு வந்து பாதி இறங்கியிருந்தால், ஏறுபவர் என்பதைச் சொல்லி நீங்கள் அவரைத் திருப்பி அனுப்பியிருக்க முடியாது.

அந்த அம்மையார் வழுக்கியதற்கு நீங்கள் சொன்ன விதி காரணம் அன்று. ஏணியின் தலைப்பில் இருபது பேர் நெருங்கி நின்றதுதான் காரணம். ஏணிக்கு மேலே இரண்டு மூன்று பேருக்கு மேல் நிற்கக் கூடாது. மற்றவர்கள் பத்தடி பின்னால், உட்காரக்கூடிய இடத்தில் காத்திருக்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டியவர் குழுவை அழைத்து வந்தவர்.

தாணே வாசகர்:

முலுண்ட் நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நாசிக் மாவட்டத்தில் உள்ள ஹரிஹர் கோட்டைக்குச் சென்றவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். அங்கே சுவர்போல நிற்கும் பாறையில், ஒருவர் மட்டுமே செல்லக்கூடிய அகலத்தில் படிகள் வெட்டப்பட்டுள்ளன. கையைச் செருகிப் பிடித்துக்கொள்ள அந்தப் படிகளில் குழிகளும் உண்டு. இறங்கும்போது பாறையைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல் பின்புறமாகத்தான் இறங்க வேண்டும். அப்படி இறங்குபவருக்குக் கீழே யார் வருகிறார்கள் என்பது தெரியவே தெரியாது. ஏறுபவருக்குத்தான் மேலே இருப்பவர் தெரிவார். "பார்க்க முடிந்தவர் நிற்க வேண்டும்" என்ற அதே நியாயத்தின்படி, அங்கே நிற்க வேண்டியவர் ஏறுபவர். நான் சென்ற நாளில், மேலிருந்து பத்துப் பேர், பிறகு கீழிருந்து பத்துப் பேர் என்று மாற்றி மாற்றி விட்டோம். யாரும் எங்களை நியமிக்கவில்லை. கீழே இருந்த நானும் மேலே இருந்த ஒருவரும் குரல் கொடுத்து ஒழுங்கு செய்தோம். காத்திருந்தவர்கள் எவரும் முகம் சுளிக்கவில்லை.

மாட்டுங்கா வாசகி:

தம்பி, உங்கள் மகளின் கேள்விக்கு இறங்குகிறவளின் பக்கத்திலிருந்து பதில் சொல்லலாம் என்று எழுதுகிறேன். எனக்கு வயது அறுபத்து மூன்று. கல்சுபாயில் நீங்கள் பார்த்த அம்மையார் நான் அல்ல, ஆனால் அவருடைய முழங்கால்கள் என்னவெல்லாம் சொல்லியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மேலே ஏறும்போது நெஞ்சும் மூச்சும் திணறுகின்றன. அது வெளியே தெரிகிறது, எல்லாரும் இரங்குகிறார்கள். இறங்கும்போது தொடையின் முன்புறத் தசை, உடலின் முழு எடையையும் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. தசைக்கு மிகுந்த சேதம் விளைவிக்கும் வேலை இதுதான் என்றும், மலையிலிருந்து வந்த இரண்டாம் நாள் மாடிப்படி இறங்க முடியாமல் வலிப்பதும் இதனால்தான் என்றும் எனக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். மூன்று மணி நேரம் இறங்கிய பிறகு கால் நாம் சொன்ன இடத்தில் நிற்பதில்லை. ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலைகளில் நடப்பவர்கள் விழுந்த விபத்துகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு இறக்கத்தில் நேர்ந்ததாகக் கண்டிருக்கிறார்கள். ஆகவே இறங்குகிறவர் நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது என்ற எண்ணம் முழு உண்மை அல்ல. இளம் கால்களுக்கு அது உண்மை. என் கால்களுக்கு உண்மை அல்ல. பாதி படியில் நிறுத்தப்பட்டு, ஒற்றைக் காலில் எடையைத் தாங்கி நிற்பது எனக்கு நடப்பதைவிடக் கடினம்.

அதனால் முறை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. எதிரே ஆள் வருவதைக் கண்டால் நானே வசதியான இடம் பார்த்து முன்கூட்டியே நின்றுவிடுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: முதல் வழி ஏறுபவருடையது என்றால், அதை எடுத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு, விட்டுக்கொடுக்கவும் உரிமை உண்டு. நிமிர்ந்து எதிரே வருபவரின் கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்கள் வாருங்கள் அம்மா, நான் சற்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன்" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். உண்மையில் ஏறுபவர்களில் பாதிப் பேருக்கு நிற்க ஒரு காரணம் கிடைத்தால் மகிழ்ச்சிதான். இறங்குபவராகிய நாம் ஓரமாக நின்று "வாருங்கள், வாருங்கள்" என்று அவர்களை அவசரப்படுத்துவதும் சரியன்று; யாரோ காத்திருக்கிறார்கள் என்பதற்காகத் தன் சக்திக்கு மீறி விரைந்து ஏறி, மேலே வந்ததும் தலைசுற்றி உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் மலைகளில் இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வுகள் இருக்கின்றன. பழனியில் படிப்பாதையோடு யானைப்பாதையும் உண்டு. படிகளில் இறங்க முடியாதவர்கள் சாய்வான யானைப்பாதையில் மெல்ல இறங்கலாம். சபரிமலையில் நீலிமலை வழியாக ஏறிய கூட்டம், திரும்பும்போது சுவாமி ஐயப்பன் சாலை வழியாகப் பம்பைக்கு வந்துவிடுவதால் எதிரெதிரே முட்டிக்கொள்வது குறைகிறது. இரண்டு பாதைகளுக்கு இடமில்லாத பர்வதமலை போன்ற இடங்களில், சங்கிலியையும் கடப்பாரைகளையும் பற்றிக்கொண்டு ஏறும் பகுதியில், முன்பின் தெரியாதவர்கள்கூட "சாமி, கொஞ்சம் நில்லுங்கள், பெரியவர் இறங்குகிறார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அங்கே எவரும் விதியைச் சொல்லி வாதாடி நான் பார்த்ததில்லை.

அந்தேரி பாதசாரி:

கூட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எதிரே வருபவர்கள் பலர், நாம் ஒருவர் என்றால், ஏறிக்கொண்டிருந்தாலும் நாமே ஒதுங்கிவிடுவது எளிது. இருபது பேர் ஒதுங்க இருபது பேருக்கான இடம் வேண்டும், அது சஹ்யாத்ரி பாதையில் கிடைக்காது. அவர்கள் ஒதுங்கினால் பாதைக்கு வெளியே உள்ள புல்லையும் மண்ணையும் மிதிப்பார்கள். மழைக்காலத்தில் அப்படி மிதிபட்ட இடங்கள் அடுத்த ஆண்டு ஓடைகளாக அரித்துப்போகின்றன. ஆனால் எண்ணிக்கை அதிகம் என்பதைப் பெரிய குழுக்கள் உரிமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னால் வருபவர் "எங்களுக்குப் பின்னால் இன்னும் பதினெட்டுப் பேர்" என்று சொன்னால் எதிரே நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். குழுவின் நடுவே இடைவெளி விட்டு, எதிரே காத்திருப்பவர்களை அவ்வப்போது அனுப்புவதும் தலைவரின் கடமை.

ஓர் எல்லைக்கு மேல் இந்த மரியாதைகள் எதுவும் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லோஹகட் கோட்டையின் குறுகிய வழியில் ஏறுபவர்களும் இறங்குபவர்களும் நகர முடியாமல் மணிக்கணக்கில் சிக்கி நின்ற காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2025 இல் நம் செஞ்சிக் கோட்டையோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பன்னிரண்டு கோட்டைகளில் அதுவும் ஒன்று. கூட்டம் இனியும் கூடும். மழைக்கால ஞாயிறுகளில் அங்கே போகாமல் வேறு நாளில் போவதைத்தான் நான் கடைப்பிடிக்கிறேன்.

இன்னொன்று, இதுவரை யாரும் குறிப்பிடாதது: சுமை தூக்கி வருபவர்கள். கல்சுபாயில் எலுமிச்சைச் சர்பத் விற்கும் பாரி கிராமத்தவர், தண்ணீர்க் கேன்களைத் தலையிலும் தோளிலும் சுமந்து நாள்தோறும் ஏறுகிறார்கள். அவர்கள் ஏறினாலும் இறங்கினாலும் நாம்தான் ஒதுங்க வேண்டும்; இதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஒதுங்கும்போது மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் நிற்கவே கூடாது. இமயமலையில் பொதி சுமக்கும் கோவேறு கழுதைகள் வரும்போது இது உயிர் காக்கும் பழக்கம். மூட்டை லேசாக இடித்தாலே பள்ளத்தின் பக்கம் நிற்பவர் கீழே போய்விடுவார்.

செம்பூர் நடையர்:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மாட்டுங்கா அம்மா எழுதியதை மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நாம் கீழே நிற்கும்போதே மேலே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும்" என்றாள். அது உண்மை. ஏணியின் அடியில் நான் அண்ணாந்து பார்த்தேனே தவிரக் குரல் கொடுக்கவில்லை. பாறை வளைவு மறைத்ததால் மேலே வந்துகொண்டிருந்தவர்கள் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆள் பார்க்காமல் கால் வைத்தார் என்று நான் எழுதியதில் என் பங்கும் இருக்கிறது. அடுத்த மாதம் மீண்டும் அதே மலைக்குப் போகிறோம். ஏணியின் அடியில் நின்று கேட்பதற்கு, எல்லாருக்கும் புரியக்கூடிய சொல் எது? இந்திச் சொல்லா, மராத்திச் சொல்லா?

முலுண்ட் மலைவிரும்பி:

மராத்தியே நல்லது, ஐயா. அந்தப் பாதையில் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் தாய்மொழி, ஊர்க்காரர்களுக்கும் அதுதான். "வர் கோணி ஆஹே கா?" என்றால் மேலே யாராவது இருக்கிறீர்களா என்று பொருள். யாரேனும் இறங்கிக்கொண்டிருந்தால் "தாம்பா" என்பார்கள், அதாவது நில்லுங்கள். வழி இருந்தால் "யா" என்பார்கள், வாருங்கள் என்று பொருள். பதில் வரும் வரை ஏணியைத் தொட வேண்டாம். காற்று பலமாக இருந்தால் இரண்டு முறை கேளுங்கள். மகளே கேட்கட்டும்; குழந்தையின் குரல் என்றால் மேலே நிற்பவர்கள் சட்டென்று திரும்பிப் பார்ப்பார்கள்.